'டிராஃபிக்': கைது யாருக்கு லாபம்?

போதைப்பொருள் கடத்தலைப் பற்றிய படங்களில் நான் மறுபடி மறுபடி பார்த்தது ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'டிராஃபிக்' (2000). நாலு ஆஸ்கர் வாங்கிய படம். மெக்சிகோ காட்சிகளுக்கு மஞ்சள், வாஷிங்டன் காட்சிகளுக்கு நீலம் என்று அதன் நிறங்களைப் பத்தி நிறையப் பேர் பேசியாச்சு. நான் சொல்ல வந்தது அதில் வரும் ஜெனரல் சலசாரைப் பற்றி. (கதையைச் சொல்லப்போறேன், பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

டிஹுவானா போலீஸ்காரர் ஹாவியேரை சலசார் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். டிஹுவானா கும்பலின் கூலிக் கொலைகாரன் ஒருவனைப் பிடித்து, சித்திரவதை செய்து, பெயர்களைக் கறக்கிறார்கள். வரிசையாகக் கைதுகள். 'ஆள் கில்லாடிதான்'னு நமக்கும் தோணும். அப்புறம்தான் தெரிகிறது, சலசார் போட்டியாளரான ஹுவாரெஸ் கும்பலுக்கு வேலை செய்பவர் என்று.

சினிமாவுக்காகச் செய்த திருப்பம்னு நினைச்சிடாதீங்க. 1996 டிசம்பரில் மெக்சிகோவின் போதை ஒழிப்பு அமைப்புக்குத் தலைவரானவர் ஜெனரல் ஹெசுஸ் குட்டியெரெஸ் ரெபோயோ. நேர்மையானவர் என்று அமெரிக்க அதிகாரிகளே பாராட்டினார்கள். 1997 பிப்ரவரியில் அவரே கைதானார். ஹுவாரெஸ் கும்பலின் தலைவர் அமாடோ கர்ரியோ ஃபுவெண்டெஸுக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2013ல் இறந்தார்.

இங்கேதான் விஷயம் இருக்கு. லஞ்சம் வாங்கும் அதிகாரி என்றால் கண்ணை மூடிக்கொள்பவர் என்றுதான் நினைப்போம். இந்த ஜெனரல் ரகம் வேறு. இவர் நிஜமாகவே பிடிப்பார், நிஜமான சரக்கு, நிஜமான குற்றவாளிகள். ஆனால் ஒரு கும்பலை மட்டும். வாங்குகிற கூட்டம் அப்படியே இருக்கும்போது ஒரு கடையை மூடினால் என்ன ஆகும்? வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும். போட்டியாளரை ஒழிக்க துப்பாக்கியைவிட மலிவான வழி, அரசாங்கத்தையே ஏவிவிடுவது.

அதனால 'இத்தனை பேர் கைது, இத்தனை டன் பறிமுதல்' என்ற கணக்கை வைத்து வெற்றியை அளக்க முடியாது. நேர்மையான அதிகாரியின் கணக்கும் விலைபோனவரின் கணக்கும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். பிடிபட்டது யாருடைய சரக்கு, பிடிபடாமலே இருப்பது யாருடைய சரக்கு என்றுதான் கேட்கணும்.

ஹாவியேர் கடைசியில் அமெரிக்கர்களுக்குத் தகவல் தருகிறார். பதிலுக்கு அவர் கேட்பது பேஸ்பால் மைதானத்துக்கு விளக்குகள். ராத்திரியிலும் பிள்ளைங்க விளையாடலாமே! எந்தக் கைதுக் கணக்கிலும் வராத ஒன்று அது.