இடம் பெயர்ந்த பேராலயம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டொலேடோ காட்சி’ ஓவியத்தின் நகலோடு ஸ்பெயினின் டொலேடோ நகருக்குப் போய், எல் கிரேக்கோ எந்த இடத்தில் நின்று அதை வரைந்தார் என்று தேடினால், அப்படி ஓர் இடம் கிடைக்காது. ஆற்றுக்கு வடக்கே நின்றால் பெரும்பாலானவை பொருந்திவரும். கீழே ரோமானியர் காலத்து அல்காந்தரா பாலம். இடப்பக்க மேட்டில் சான் செர்வாந்தோ கோட்டை. உச்சியில் அல்காசர் அரண்மனை. பேராலயத்தின் மணிக்கோபுரம் மட்டும் உதைக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அது தெரியாது. ஓவியத்திலோ அரண்மனைக்கு இடப்புறமாக, புயல் மேகத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது.

பேராலயம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. 1541-ல் கிரீட் தீவில் பிறந்து, வெனிசிலும் ரோமிலும் தொழில் பழகி, 1577-ல் ஸ்பெயினுக்கு வந்த அவர், 1614-ல் கண்மூடும்வரை டொலேடோவைவிட்டுப் போகவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலைகளில் ஒன்றைக் கொடுத்ததே அந்தப் பேராலயம்தான். அதற்காக வரைந்த ஓவியத்துக்கு என்ன விலை என்பதில் தகராறும் மூண்டது. காசு வாங்க அலைந்த வழி யாருக்கும் மறந்துபோகாது!

பிறகு ஏன் நகர்த்தினார்? 1561-ல் இரண்டாம் பிலிப் தன் அரசவையை மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். டொலேடோவுக்கு மிஞ்சிய பெருமை, ஸ்பெயின் திருச்சபையின் தலைமைப் பீடம் என்பது. அரண்மனையை வரைந்துவிட்டுப் பேராலயத்தை விட்டால், அந்த ஊர்க்காரர் யாரும் அதைத் தங்கள் ஊர் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்த விளக்கம் சரிதான். ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. தாஹோ ஆறு டொலேடோவை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. தென்கரை மேட்டுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள்: பேராலயம் இடப்பக்கம், அல்காசர் வலப்பக்கம். ஓவியத்தில் இருக்கும் அதே வரிசை. வடக்கிலிருந்து தெரியும் பாலத்துக்கும் கோட்டைக்கும் மேலே, தெற்கிலிருந்து தெரியும் வரிசை வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்பதை யார் சொல்வது? ஒரே ஊரில் இருபது ஆண்டுக்குமேல் வாழ்ந்தவன் எந்தக் கரையில் நின்றாலும் மறுகரையையும் சேர்த்துத்தான் பார்க்கிறான்.

இந்த ஓவியத்தில் அவர் எதையும் விளக்கவில்லை. சுமார் பத்தாண்டு கழித்து வரைந்த இன்னொன்றில் விளக்குகிறார். டொலேடோவிலேயே உள்ள எல் கிரேக்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது ‘டொலேடோவின் காட்சியும் வரைபடமும்’. முதல் ஓவியத்தின் புகழ் இதற்கு இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும்.

அகன்ற திரை, வெளிறிய நிறத்தில் நகரம். நகரமதிலுக்கு வெளியே தரையில் இருக்கவேண்டிய தவேரா மருத்துவமனை, முன்னால் ஒரு மேகத்தின்மேல் மிதக்கிறது. வலப்பக்கம் ஓர் இளைஞன் நகரின் தெரு வரைபடத்தை விரித்துப் பிடித்திருக்கிறான். அந்தத் தாளிலேயே ஓவியர் தன் தரப்பை எழுதிவைத்திருக்கிறார். மருத்துவமனையை அதன் இடத்திலேயே வரைந்தால் பிசாக்ரா வாயில் மறைந்துபோகும், அதன் குவிமாடமும் நகரத்துக்குமேல் எழும்பிவிடும். அதனால் ஒரு மாதிரிக் கட்டடம்போலத் தனியே எடுத்துவைத்தேன் என்கிறார். எடுத்ததுதான் எடுத்தோம், முதுகைக் காட்டுவதைவிட முகப்பைக் காட்டலாமே என்று அதைத் திருப்பியும் விட்டாராம். உண்மையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமா? வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையை ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. அதன் நிர்வாகி பெத்ரோ சலசார் தெ மெந்தோசா அவருக்கு வேண்டியவர். 1608-ல் அதன் பலிபீடங்களுக்கான வேலை எல் கிரேக்கோவிடம்தான் வந்தது.

வானத்தில் மாதாவும் தேவதூதர்களும் புனித இல்டெஃபொன்சோவுக்கு அங்கி கொண்டுவருகிறார்கள். நகரத்தோடு ஒப்பிட்டால் உருவங்கள் மிகப் பெரியவை. அதற்கும் அதே தாளில் பதில் உண்டு: அவர்கள் விண்ணுலகத்தவர், தொலைவில் எரியும் விளக்கு சிறியதானாலும் பெரிதாகத் தெரிவதில்லையா!

பல இடங்களில் நின்று வரைந்ததைச் சேர்த்து ஒரே நகரமாக்குவது அவர் கண்டுபிடித்த வித்தை அல்ல. இரண்டாம் பிலிப்புக்காக ஸ்பெயினின் ஊர்களை வரைந்த ஃபிளாண்டர்ஸ் ஓவியர் அந்தோன் வான் தென் வைன்கார்தெ, 1563-ல் டொலேடோவையும் வரைந்தார். தனித்தனியாக எடுத்த குறிப்புகளை ஒட்டி, ஒரே பார்வையில் எல்லாம் தெரிவதுபோல முடிப்பதுதான் அவர் வேலை. அவருக்கு ஒட்டு வெளியே தெரியக்கூடாது. எல் கிரேக்கோ ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் தொட்டே காட்டுகிறார். கட்டடக்கலைக்கு அளவு விதிகள் வகுத்த விட்ருவியஸின் நூலை வைத்துக்கொண்டு, ஓரங்களில் மறுப்பு எழுதித் தள்ளியவர் அவர். அந்தப் பிரதி இன்று மாட்ரிட்டின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. விதி தெரியாமல் மீறியவர் இல்லை.

கடைசிக் காலத்தில் அவர் ஊரை இடம் மாற்றுவதோடு நிற்கவில்லை, காலத்தையும் மாற்றினார். வாஷிங்டனில் உள்ள ‘லவகோன்’ ஓவியத்தில் பாம்புகளோடு போராடுகிறவன் டிராய் நகரத்துப் பூசாரி. பின்னால் தெரிவதோ டொலேடோ. மறையக்கூடாதென்று மருத்துவமனையையே பெயர்த்தாரே, அந்தப் பிசாக்ரா வாயிலை நோக்கித்தான் டிராய்க் கதையின் மரக்குதிரை போய்க்கொண்டிருக்கிறது.