கலப்பின மகிழுந்தும் பழைய பெருவாகனமும்: வாழ்நாள் ஆற்றல் கணக்கில் வகுக்கும் எண்ணின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து இயக்கும் கலப்பின மகிழுந்தைவிட, கரடுமுரடான நிலத்திலும் செல்லவல்ல பெரிய வாகனமே சுற்றுச்சூழலுக்குக் குறைந்த தீங்கு செய்கிறது என்னும் கூற்று 2006, 2007ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து பரவியது. அக்கூற்றுக்கு அடிப்படையான கணக்கு எவ்வாறு அமைந்தது, அது எங்கே தவறியது, ஏற்கெனவே உருவாக்கப்பட்டுவிட்ட பழைய வாகனம் பற்றிய கேள்வி எவ்வளவுக்குப் பொருளுடையது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலப்பின மகிழுந்து, வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு, பிரியஸ், ஹம்மர், நிக்கல், எரிபொருள் சிக்கனம்.

முன்னுரை

ஒரு பொருளின் சுற்றுச்சூழல் விலையை அது பயன்படும் காலத்தை மட்டும் வைத்துக் கணித்தல் போதாது. கனிமம் தோண்டுதல், உலோகம் உருக்குதல், தொழிற்சாலையில் பொருத்துதல், ஓட்டுதல், இறுதியில் உடைத்துக் கழித்தல் ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்ப்பதே வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு எனப்படும். இம்முறை நேர்மையானது, ஆனால் இதில் எண்ணற்ற ஊகங்கள் நுழைவதற்கு வாயில் உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, ஒரு பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் எனக் கொள்வது என்பவை கணக்கிடுவோர் எடுக்கும் முடிவுகள். இம்முடிவுகளுள் ஒன்று மாறினாலும் விடை தலைகீழாகலாம் என்பதற்கு ஹம்மர், பிரியஸ் ஒப்பீடு தக்க சான்றாகும்.

'மண்ணிலிருந்து மண்ணுக்கு' அறிக்கை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கிய சி.என்.டபிள்யூ. மார்க்கெட்டிங் ரிசர்ச் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 'டஸ்ட் டு டஸ்ட்' என்ற பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. 'மண்ணிலிருந்து மண்ணுக்கு' என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். ஒரு வாகனம் வடிவமைப்பாளரின் மேசையில் தோன்றுவது முதல் உடைக்கப்படுவது வரை செலவாகும் ஆற்றலை டாலராக மாற்றி, ஓடும் மைல்களால் வகுத்துக் காட்டியது அவ்வறிக்கை. அதன்படி டொயோட்டா பிரியஸின் ஆற்றல் செலவு மைலுக்கு ஏறத்தாழ 3.25 டாலர், ஹம்மர் எச்3 வாகனத்திற்கோ 1.95 டாலர் மட்டுமே. அறிக்கை துறை வல்லுநர் மதிப்பாய்வுக்கு உட்பட்டதன்று. எனினும் செய்தித்தாள்களும் பத்தி எழுத்தாளர்களும் இவ்விரு எண்களை ஆர்வத்துடன் எடுத்தாண்டனர். பசுமை வாகனம் எனப் பெருமை கொண்டோரை நகையாட வாய்ப்புக் கிடைத்ததும் இந்த ஆர்வத்திற்கு ஒரு காரணம் எனலாம்.

இவ்வறிக்கையைப் பசிபிக் இன்ஸ்டிட்யூட் என்னும் ஆய்வு நிறுவனம் 2007 மே மாதத்தில் கடுமையாக மறுத்தது. மறுப்பின் முதன்மையான பகுதி வாழ்நாள் ஊகம் பற்றியது. ஹம்மர் எச்1 வாகனம் 35 ஆண்டுகளில் 3,79,000 மைல் ஓடும் என்றும், பிரியஸ் 12 ஆண்டுக்கும் குறைவான காலத்தில் 1,09,000 மைல் மட்டுமே ஓடும் என்றும் அறிக்கை கொண்டிருந்தது. எச்1 வாகனம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்ததே 1992இல்தான். அறிக்கை உருவான காலத்தில் அவ்வாகனங்களுள் மிகப் பழையதற்கும் பதினைந்து வயது நிறையவில்லை. ஆகவே 35 ஆண்டு என்பது கண்டறிந்த உண்மையாக இருக்க வழியில்லை.

வகுக்கும் எண் செய்த வேலை

அறிக்கையின் எண்களைக் கொண்டே அதனைச் சோதிக்க இயலும். மைலுக்கு 3.25 டாலர் என்பதை 1,09,000 மைலால் பெருக்கினால் ஒரு பிரியஸின் வாழ்நாள் ஆற்றல் செலவு ஏறத்தாழ 3,54,000 டாலர் ஆகிறது. அக்காலத்தில் அவ்வண்டியின் விலை 20,000 டாலரைச் சற்றே கடந்தது. ஒரு பொருளைச் செய்ய ஆன ஆற்றலின் விலையை அதனைச் செய்த நிறுவனம் எவ்வகையிலேனும் செலுத்தியாக வேண்டும். விற்பனை விலையைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல் ஆற்றலுக்கே செலவழித்து எந்த நிறுவனமும் பிழைத்திருக்க இயலாது.

எரிபொருளின் பங்கையும் கணிக்கலாம். கேலனுக்கு 46 மைல் எனக் கொண்டால் 1,09,000 மைலுக்குத் தேவைப்படும் பெட்ரோல் ஏறத்தாழ 2,370 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் செலவு 7,100 டாலர் அளவே. அறிக்கை காட்டும் மொத்தத்தில் இது நூற்றுக்கு இரண்டு பங்கு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஆர்கான் தேசிய ஆய்வகமும் செய்த மதிப்பீடுகளோ இதற்கு நேர்மாறானவை. பெட்ரோல் வண்டியின் வாழ்நாள் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி ஓட்டும் காலத்தில்தான் செலவாகிறது என அவை காட்டுகின்றன. ஆய்வு, வடிவமைப்பு ஆகியவற்றின் செலவையும், பணியாளர் வேலைக்கு வந்து செல்லும் செலவையும் கூட வண்டியின் தலையில் ஏற்றியமையே இம்முரணுக்குக் காரணம். புதிதாக அறிமுகமான தொழில்நுட்பத்திற்கு இவ்வாறு ஏற்றும் சுமை மிகுதியாகவே தோன்றும். ஆயின், பிற்காலத்தில் விற்கப்படும் பல இலட்சம் வண்டிகளுக்கும் அதே ஆய்வே பயன்படுகிறது.

அறிக்கையின் அதே மொத்தத்தை ஏற்றுக்கொண்டு, பிரியஸ் 2,00,000 மைல் ஓடும் என்று மட்டும் மாற்றினால், மைலுக்கு ஆகும் செலவு 1.77 டாலராகக் குறைந்து எச்3இன் எண்ணுக்குக் கீழே வந்துவிடுகிறது. கூடுதல் எரிபொருளைச் சேர்த்தாலும் சில காசுகளே உயரும். 2,00,000 மைல் என்பது மிகைக் கற்பனை அன்று. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2011இல், அத்தொலைவைக் கடந்த 2002ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. முதலில் பொருத்திய மின்கலத்துடனேயே அது ஓடியது. எரிபொருள் சிக்கனமும் புதிய வண்டியினதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

நிக்கலும் சட்பரியும்

மின்கலத்திற்கான நிக்கல் பற்றிய குற்றச்சாட்டும் இதனுடன் சேர்ந்தே பரவியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துச் சட்பரி நகரைச் சுற்றியுள்ள நிலம் பிரியஸ் மின்கலத்திற்காகப் பாழாக்கப்பட்டது என்றும், நிலவைப்போல் வறண்டிருந்ததால் அங்கே விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றனர் என்றும் எழுதப்பட்டது. சட்பரியின் நிலம் பாழானது உண்மையே. 1880களின் இறுதி முதற்கொண்டு அங்குக் கந்தகம் மிகுந்த தாது திறந்த வெளியில் விறகடுக்கின் மேல் குவித்து வறுக்கப்பட்டது. விறகுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் காடு வெட்டப்பட, எஞ்சிய மரங்களைக் கந்தகப் புகை கொன்றது. அமில மழையால் பாறைகள் கறுத்தன. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுப்பப்பட்டதும், 1978 முதல் சுண்ணாம்பு தூவி மரம் நடும் பணி தொடங்கியதும் இத்தீங்கினைத் தணிக்கவே.

பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். அப்போலோ 16, 17 பயணங்களின் வீரர்கள் 1971, 1972ஆம் ஆண்டுகளில் சட்பரிக்கு வந்தது, பழங்காலத்தில் விண்கல் மோதியதால் பாறைகளில் பதிந்த அடையாளங்களைக் கற்பதற்காக. காரணத்திற்குக் கால் நூற்றாண்டு முன்பே விளைவு நிகழ்ந்துவிட்டதாகக் கூறும் வாதத்தை இவ்வளவு பேர் ஆராயாமல் ஏற்றது வியப்பிற்குரியது.

உலகில் எடுக்கப்படும் நிக்கலில் மிகப் பெரும்பகுதி துருப்பிடிக்காத எஃகிற்கே செல்கிறது என்பதும் நோக்கத்தக்கது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கல அடுக்கு 1.3 கிலோவாட் மணி கொள்திறன் உடையது. எடை ஏறத்தாழ 45 கிலோ. எச்3 வாகனமோ பிரியஸைவிட ஏறத்தாழ 800 கிலோ கூடுதல் எடையுள்ளது. அந்த எஃகும் ரப்பரும் அலுமினியமும் எங்கோ தோண்டி உருக்கப்பட்டவையே. இதனால் கலப்பின வண்டியின் உற்பத்தி தீங்கற்றது என்று ஆகாது. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் மின்கலம், மோட்டார், மின்னணுக் கருவிகள் ஆகியவை சாதாரண எஃகைவிட அதிக ஆற்றலைக் கோருவன. பெருவாகனத்தின் எடையே அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

ஓட்டும் காலம்

வண்டி நிற்கும்போது எஞ்சினை அணைத்தல், வேகம் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் வழியே மின்கலத்தில் சேமித்தல், அதனைக் கொண்டு மீண்டும் கிளம்புதல் என்பனவே கலப்பின வண்டியின் சிக்கனத்திற்கு முதன்மையான காரணங்கள். எனவே நின்று நின்று செல்லும் நகரச் சாலையில் ஆதாயம் மிகுதி. ஒரே வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலையில் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் திருத்திய முறைப்படி இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் நகரில் கேலனுக்கு 48 மைலும், நெடுஞ்சாலையில் 45 மைலும் தருகிறது. சாதாரண வண்டிகளில் நெடுஞ்சாலை எண்ணே உயர்ந்திருக்கும். எச்3 வாகனத்தின் கூட்டுச் சராசரி 16 மைல் அளவு. எச்1, எச்2 ஆகியவற்றுக்கு இத்தகைய எண்ணே இல்லை. 8,500 பவுண்டைக் கடந்த மொத்த எடைப் பிரிவில் இருந்தமையால் எரிபொருள் சிக்கனத்தை அறிவிக்கும் கடமையிலிருந்தே அவை விலக்குப் பெற்றிருந்தன. மிகுதியாகக் குடிப்பவை மட்டும் கணக்குக் காட்டத் தேவையில்லை என்றிருந்தது விதி.

இவ்வெண்களை மெட்ரிக் அளவுக்கு மாற்றினால் 100 கிலோமீட்டருக்குப் பிரியஸ் 5.1 லிட்டரும் எச்3 14.7 லிட்டரும் எரிக்கின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 2,00,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் முன்னதன் வெளியீடு ஏறத்தாழ 23 டன். பின்னதனது 68 டன். எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் செலவைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

ஏற்கெனவே உள்ள வண்டி

இரண்டும் புதியனவாக இருக்கும்போது விடை தெளிவு. ஒருவரிடம் ஏற்கெனவே பழைய பெருவாகனம் இருந்தால் கேள்வி மாறுகிறது. அதன் உற்பத்திச் செலவு முன்னரே முடிந்துபோனது. புதிய வண்டிக்கோ அச்செலவு இனிமேல்தான் நிகழும். ஒரு மகிழுந்தின் உற்பத்தியால் வெளியாகும் கரியமில வாயு அதன் எடையையும் வகையையும் பொறுத்து 5 முதல் 10 டன் வரை எனலாம். 8 டன் எனக் கொள்வோம். மேற்கண்ட இரு வண்டிகளுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது 22 கிலோ. அவ்வாறாயின் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் உற்பத்திக் கடன் தீர்கிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது இரண்டரை ஆண்டு. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு ஆண்டு. அவர் பழையதையே வைத்திருப்பது பிழையன்று. அரிதாக ஓட்டப்படும் பழைய ஜீப்பை வைத்திருப்போரின் வாதம் இந்த அளவுக்குச் செல்லும். இதற்கு மேல் செல்லாது. மேலும் இவ்வாதம் கரியமில வாயுவுக்கு மட்டுமே பொருந்தும். வினையூக்கி மாற்றி பொருத்தப்படாத பழைய எஞ்சின் உமிழும் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் தெருவில் நடப்போரைத் தாக்குவன. அவற்றுக்கு இக்கணக்கில் இடமில்லை.

பெருவாகனத்திற்கு மாற்றாகக் கலப்பின வண்டியே வேண்டும் என்பதும் இல்லை. ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகியோர் 2008இல் சயன்ஸ் இதழில் சுட்டிக்காட்டியதுபோல், கேலனுக்கு இத்தனை மைல் என்ற அளவு மனத்தை ஏமாற்றுகிறது. 100 மைல் பயணத்தில், 16 மைல் தரும் வண்டியை விட்டு 25 மைல் தரும் சாதாரண மகிழுந்துக்கு மாறினால் 2.25 கேலன் மிச்சம். அங்கிருந்து 46 மைல் தரும் பிரியஸுக்கு மாறினால் கூடுதலாக மிச்சமாவது 1.8 கேலனே. முதல் படி ஒன்பது மைல் உயர்வு, இரண்டாம் படி இருபத்தொரு மைல் உயர்வு என்றாலும், ஆதாயம் மிகுதியாகக் கிடைப்பது முதல் படியில்தான்.

விற்கப்பட்ட பழைய வண்டி எங்கே செல்கிறது என்பதும் கணக்கைச் சார்ந்தது. உரிமையாளர் பிரியஸ் வாங்கிவிட்டுத் தம் பெருவாகனத்தை வேறொருவருக்கு விற்றால், அது வேறு சாலையில் தொடர்ந்து எரிபொருளைக் குடிக்கும். அமெரிக்க அரசு 2009 கோடையில் நடத்திய பழைய வாகன மாற்றுத் திட்டம் இதனை உணர்ந்தே வகுக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட வண்டிகளின் எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, எஞ்சின் இறுகி நிற்கும்படி செய்யப்பட்டது. ஏறத்தாழ 6,77,000 வண்டிகள் இவ்வாறு முடிவுற்றன. ஒப்படைத்தவற்றின் சராசரி கேலனுக்கு 15.8 மைல், வாங்கப்பட்டவற்றின் சராசரி 24.9 மைல். மேலே கூறிய முதல் படியே அது. மிகுதியாக ஒப்படைக்கப்பட்டது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் நான்கு சக்கர இயக்க வாகனம். 25 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் இத்திட்டத்தில் ஏற்கப்படவில்லை. எனவே கொட்டகையில் நின்று ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடும் மிகப் பழைய ஜீப்புகளை அது தொடவே இல்லை. அன்றாடம் அலுவலகத்திற்கு ஓடிக்கொண்டிருந்த பெருவாகனங்களையே சாலையிலிருந்து அகற்றியது.