பட்டன் இருக்கு, டயர் கிழடு! மோட்டார் சைக்கிள்காரர்கள் உஷார்!

சென்னை,—
"டயர்ல பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுப்பவர்கள் நகரில் ஏராளம். பல வருஷம் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த அப்பா காலத்து வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். காற்றடித்து, பெட்ரோல் ஊற்றி, நேரே அண்ணா சாலைக்குக் கொண்டு வந்து விடுகிறார்கள்!

சும்மா நின்றாலும் டயருக்கு வயசாகும். வெயிலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி விடுகின்றன. வெடிப்பைத் தடுக்க ரப்பரில் மெழுகும் மருந்தும் கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டால் அது நன்றாகக் கசிந்து மேலே வரும். நின்ற வண்டிக்கு அந்தக் காவலும் குறைவு.

இறுகிய ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. முதல் மழையில் பிரேக் போட்டு முன் சக்கரம் வழுக்கினால், ஆள் கீழே. பின்னால் பஸ் வந்தால்?

வயசு பார்ப்பது எப்படி?

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்திய சரக்கு. தொடவே வேண்டாம்!

5 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். 10 வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். டயர் கம்பெனிகள் பலவும் சொல்லும் கணக்கு இது.

பழைய டயர் வாங்குவோர் கறுப்பு பாலிஷில் மயங்க வேண்டாம். மயிரிழை வெடிப்பு அதற்குள் மறைந்து போகும். தேதி எண் சில டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். காணோம் என்றால் மறுபக்கமும் குனிந்து பார்க்க வேண்டும்.