செடிகளின் பெயரறிந்த குரு



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் பெற்றோர் பலர் பங்கு இல்லத்திற்கு ஆலோசனை கேட்டு வருவது வழக்கம். அப்படி வந்த ஒரு தாய், "சாமி, எங்க பிள்ளை தாவரவியல்தான் படிப்பேன்னு அடம்பிடிக்குது. செடி கொடியைப் படிச்சு என்ன சாமி கிடைக்கப் போகுது?" என்று நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மானாவாரி மக்காச்சோளத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவர் வேறு எப்படிக் கேட்பார்? அவருக்கு விடையாக ஒரு குருவின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

அருட்தந்தை கே. எம். மேத்யூ (1930-2004) இயேசு சபைக் குரு, தாவரவியல் அறிஞர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு ராபினட் ஹெர்பேரியத்தை நிறுவியவர் இவரே. ஹெர்பேரியம் என்பது உலர்ந்த செடிகளின் நூலகம். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைப் பறித்து, தாள்களுக்கிடையே அழுத்தி, காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டுகிறார்கள். எந்த ஊரில், எந்த நாளில், யார் எடுத்தது என்ற விவரத்தையும் அதிலேயே எழுதுகிறார்கள். பூச்சி அரிக்காமல் காத்தால், அந்த அட்டை நூற்றாண்டுகள் கடந்தும் சாட்சி சொல்லும்.

நம் பகுதித் தாவரங்களை அறிய, ஆங்கிலேயர் காலத்தில் கேம்பிள் தொடங்கி 1936-இல் நிறைவுற்ற சென்னை மாகாணத் தாவர நூலே நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. அருட்தந்தை மேத்யூவும் அவருடைய மாணவர்களும் மலை மலையாக, காடு காடாக நடந்து புதிதாகச் சேகரித்தார்கள். தமிழ்நாடு கர்நாடிக் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. கர்நாடிக் என்றதும் அண்டை மாநிலத்தை எண்ண வேண்டாம். கிழக்குச் சமவெளியையும் அதன் குன்றுகளையும் குறிக்கும் பழைய பெயர் அது. நமது பச்சைமலையும் அதற்குள் அடங்கும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்கள் அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்தன. மாணவர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க சுருக்க நூல் ஒன்றையும் 1991-இல் அவர் தந்தார்.

அவருடைய பணி நூலோடு நிற்கவில்லை. கொடைக்கானல் செண்பகனூரில் ஆங்லேட் நிறுவனத்தின் வழியாக, பழனி மலையின் சோலைக்காடுகளை மீட்க அவர் உழைத்தார். எந்தச் செடி எங்கே இருந்தது என்று அறிந்தவருக்குத்தான் அதை மறுபடி எங்கே நடுவது என்றும் தெரியும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆகிறது. அந்த ஆலைகளில் நம் பங்கு மக்கள் பலர் உழைத்துப் பிழைக்கிறார்கள். அதைக் குறை சொல்வதல்ல நமது நோக்கம். ஆனால் கல் எடுத்த பிறகு எஞ்சும் குழிகளைச் சுற்றி எந்த மரத்தை நடுவது? சீமைக் கருவேலம் தானாகவே வந்துவிடும். அதற்கு முன் அங்கே நின்றவை எவை? பதிவு இல்லாத இடத்தில், எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போகும்.

தொடக்கநூலில் கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும். உயிரினங்களுக்குப் பெயரிடும் பொறுப்பையும் அவனுக்கே தந்தார். பெயர் தெரியாத ஒன்றை யாரும் நெடுநாள் காப்பதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பைக் காப்பது பற்றிய தமது சுற்றுமடலை வெளியிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் குரு அதைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றிருந்தார்.

அந்தத் தாயிடம் வேலைவாய்ப்பையும் எடுத்துச் சொன்னோம். எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியராகலாம். நெட் தேர்வில் வென்று கல்லூரி ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆகலாம். வனத்துறைத் தேர்வுகளும் உண்டு. பாதை நீளமானது, சம்பளம் தாமதமாகத்தான் வரும் என்பதையும் மறைக்கவில்லை. "வீட்ல கேட்டுச் சொல்றேன் சாமி" என்று போனார்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஐந்து செடிகளைக் காட்டி உங்கள் பிள்ளைகளிடம் பெயர் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் தாத்தா பாட்டியிடம் கேட்டறியச் சொல்லுங்கள். அதில் ஆர்வம் காட்டும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தடுக்காதீர்கள். நம் மண்ணைக் காக்க இறைவன் அழைக்கும் குரலாக அது இருக்கலாம்.