காலாற் சுவைக்கும் உயிர்

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவுவகையாற் பகுத்த முறையை மாணவர் அறிவர். உடம்பால் உணர்வது ஓரறிவு. நாவுஞ் சேர ஈரறிவு. மூக்கும் கண்ணும் முறையே சேர மூவறிவும் நாலறிவுமாம். நண்டுக்கும் தும்பிக்கும் அவர் வகுத்தது நாலறிவு. அக்கிளையிற் பிறவும் உளவென அவரே கூறுதலின், வண்ணத்துப்பூச்சியையும் அங்கு வைத்தல் தகும். ஆனால், சுவையறிவு அதற்கு நாவின்கண் மட்டுந்தானா?

விடை காண யாழ்ப்பாணத்து வளவொன்றிற் கிணற்றடியில் நிற்கும் தேசிமரமே போதும். கருஞ்சிறகில் இளமஞ்சட் புள்ளிகள் விரவி, பின்சிறகில் ஒரு செம்பொட்டும் உடைய வண்ணத்துப்பூச்சியொன்று, பூவை நாடாது தளிரைச் சுற்றிப் பறத்தலைக் காணலாம். அது பெண். தளிரில் அமர்ந்து முன்கால்களால் இலையைத் தட்டும். எழுந்துபோய் இன்னோர் இலையைத் தட்டும். இது விளையாட்டன்று. அம்முன்கால்களிற் சுவையறியும் நுண்ணுறுப்புக்கள் உள. தேசி, தோடை, கறிவேம்பு, வில்வம் என்னும் ஒரே குடும்பத்து மரங்களின் இலையென்று காலாற் சுவைத்துத் தெளிந்த பின்னரே, ஒவ்வொன்றாக முட்டையிடும். நாவைப் பற்றிய நம் பாடம் இங்குச் சற்றே விரிகின்றது. அறிவின் தொகையோ குறையவில்லை.

3 நாளளவில் வெளிவரும் புழு, முதலிற் பறவையெச்சம் போலத் தோன்றிப் பகைவர் கண்ணுக்குத் தப்பும். வளர்ந்தபின் பச்சை நிறம் பெறும். தீண்டினால் தலையின் பின்னிருந்து இருகிளையான செந்நிற உறுப்பொன்றை நீட்டி நாற்றம் பரப்பும். மயிரே இல்லாத இதனையும் மயிர்க்கொட்டி என்றே பலர் நசுக்குகின்றனர்!

பூஞ்செடி பல வைத்தும் வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வருந்துவார் உளர். பூ அதற்கு உணவுச்சாலை. பிள்ளை வளர்வது இலையில். அவரே தேசியிற் புழுவைக் கண்டதும் நஞ்சு தெளிப்பர். வேலியோரத்து எருக்கையும் வெட்டுவர். செம்மஞ்சட் சிறகுடைய வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழு அவ்வெருக்கிலையைத் தின்றே வளர்கின்றது. முதிர்ந்த மரம் சில இலைகளை இழந்தாலும் மீளத் தளிர்க்கும். இளங்கன்றின் நிலை வேறு. 5, 6 புழுக்களே அதனை மொட்டையாக்கிவிடும். ஆதலின், கன்றிற் கண்ட புழுவை இலையோடு கிள்ளி எடுத்துப் பெருமரத்தில் விடுதலே எமது வழக்கம்.

அங்கே அது தின்று முடித்து, இடையில் ஒரு நூலைக் கச்சைபோற் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய 8 நாளில் கூடு வெடிக்கும். அதுவும் பெரும்பாலும் காலைப்பொழுதிலேயாதலின், பாடசாலைக்குப் புறப்படுமுன் மாணவர் ஒருமுறை தேசியடிக்குச் சென்று பார்க்கலாம்.