பழைய புலி ரூபாய் வீட்டில் இருக்கா? புளி போட்டு தேய்க்காதீங்க!

திருவரங்குளம்: பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு போன் வந்தால் ஏமாறாதீங்க. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.

நம்ம காசை நாமே பார்க்கலாம். 1947ம் ஆண்டு புலி படம் போட்ட ஒரு ரூபாய் நிக்கல் காசு. காந்தத்தில் ஒட்டணும், ஒட்டலைன்னா சந்தேகம்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு செம்பு, அது ஒட்டாது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்கு கீழே குறியை பாருங்க. வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப்புள்ளி நொய்டா. குறியே இல்லைன்னா கொல்கத்தா. ஒரே வருஷ காசானாலும், எந்த ஊரில் குறைவாக அச்சடித்தார்களோ அதற்குத்தான் கிராக்கி.

மன்னர் முகம், புலி வரி தேயாமல் இருந்தால் நல்ல தரம். புளி, சாம்பல் போட்டு தேய்த்தால் காசு பளபளக்கும், மதிப்பு போயிடும்.