கோபன்கேகனில் பிறந்த கருவியும் தமிழ்த் தரவும்: ரெட்மைன் மேம்படுத்தல் தோல்வியை ஆராயும் முறை

தரங்கம்பாடியில் டேனியர் ஆட்சி (1620–1845) விட்டுச்சென்ற ஆவணங்கள் கோபன்கேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. இத்தகைய தொகுப்புகளைப் பல நாடுகளிலிருந்து விவரப்பட்டியலிடும் குழுக்கள், பணிகளைப் பின்தொடர ரெட்மைன் போன்ற கட்டற்ற மென்பொருளைத் தம் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்வதுண்டு. கோபன்கேகனில் பிறந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன், பேஸ்கேம்ப் என்னும் திட்ட மேலாண்மை மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்து 2004இல் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' சட்டகத்தின்மீதே 2006இல் ரெட்மைன் எழுந்தது.

மேம்படுத்தல் தோல்விகளுள் சில வெளிப்படையானவை. ரூபிப் பதிப்பு பொருந்தாமை, பழைய செருகுநிரல் ஆகியவற்றால் மென்பொருள் இயங்க மறுக்கும். பதிவுக்கோப்பின் கடைசி வரிகளே காரணத்தைக் கூறிவிடும். தமிழ்த் தரவுக்கு உண்மையான இடர் தரவுத்தளத்தில் உள்ளது.

மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' எனப் பெயரிட்டிருந்த குறியேற்றம் ஒரு குறிக்கு 3 பைட்டுகளையே ஏற்றது. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019இல் ஒருங்குறி 12.0 சேர்த்த 51 தமிழ்க் குறிகள், அதாவது முந்திரி (320இல் 1) முதலான பின்னங்களும் அளவைக் குறிகளும், 4 பைட்டுகள் வேண்டுவன. கண்டிப்பு நிலை இயங்காத தரவுத்தளத்தில் அத்தகைய குறியொன்றை உள்ளிட்டால், அக்குறி தொடங்கி எஞ்சிய தொடர் முழுவதும் வெட்டப்படும். ஓலைக் கணக்கைப் படியெடுப்பவருக்கு இது சிறிய இழப்பன்று.

ஆகவே நான்கு பைட்டுக் குறியேற்றத்துக்கு மாறுதல் இன்றியமையாதது. அம்மாற்றத்திலேயே மற்றொரு தடை எழுகிறது. பழைய அட்டவணை வடிவில் சுட்டின் நீள வரம்பு 767 பைட்டுகள். 255 குறி கொண்ட புலம் மும்மடங்கில் 765, நான்மடங்கில் 1020. சுட்டு மிக நீளமானது என்னும் பிழையுடன் பணி இடையில் நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை அமைப்பு மாற்றங்களைப் பின்வாங்க இயலாது. பாதி மாறிய நிலையே எஞ்சும். அந்நிலையில் கட்டளையை மீண்டும் இயக்கினால், 'அட்டவணை முன்னரே உள்ளது' என்பது போன்ற புதிய பிழை தோன்றி முதற்காரணத்தை மறைக்கும். காப்புநகலை வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டு, 3072 பைட்டுகள் வரை ஏற்கும் 'டைனமிக்' வரிசை வடிவுக்கு அட்டவணைகளை மாற்றி, அதன்பின் தொடங்குவதே முறை.

காப்புநகலையும் ஐயுற வேண்டும். 8.0க்கு முந்தைய பதிப்புகளின் நகலெடுப்புக் கருவி, குறியேற்றத்தை வெளிப்படையாகச் சுட்டாவிடில், நான்கு பைட்டுக் குறிகளைக் கேள்விக்குறிகளாக எழுதிவிடும்.

சோதனைக்கு 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே போதும். இலக்கணப்படி 3 எழுத்து. ஒருங்குறியில் 5 குறி, 15 பைட்டு. தரவுத்தளம் குறிகளின் எண்ணிக்கையை 15 எனக் காட்டினால், முன்னைய 'லத்தீன்1' அமைப்பில் பைட்டுகள் தனித்தனிக் குறிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இது பெரும்பாலும் மீட்கத்தக்கது. கேள்விக்குறிகளே இருப்பின் மீட்க வழியில்லை. டேனிய மொழியின் மூன்று சிறப்பெழுத்துகளும் லத்தீன்1இல் அடங்குவதால், டேனியப் பதிவுகள் பிழையின்றித் தெரிவது தமிழ்ப் பதிவுகளுக்குச் சான்றாகாது. அங்குள்ள தொழில்நுட்பர் தம் மொழியில் மட்டும் சோதித்து ஒப்புதல் அளிப்பது இயல்பே. பழைய வழங்கியை அணைக்குமுன் இச்சொல்லையும் ஒரு முந்திரிக் குறியையும் புதியதில் உள்ளிட்டு, நகலெடுத்து, மீட்டுப் பார்க்க வேண்டும்.